என் தம்பி கொண்டுபோன பிள்ளைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுக்கு ஓடியவன் என் கூடப்பிறந்த தம்பி. அவன் ஓடிய பிறகு பத்து மாதம் அவனுடைய போன் நம்பர் என்னிடம் இருந்தது. அந்தப் பத்து மாதமும் பிள்ளைகளைப் பெற்றவள் பக்கத்துத் தெருவில் சோறு இறங்காமல் கிடந்தாள். இதைக் கேட்டதும் என் முகத்தில் காறித் துப்பத் தோன்றுகிறவர்கள் துப்பிவிட்டு மேலே கேளுங்கள். நான் சொல்ல வந்தது அவள் கதையை.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன், பதினேழு வருடமாக. காலையில் இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை. தொண்டை கொஞ்சம் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. என்னை எல்லாரும் வேன்காரம்மா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பேரும் உண்டு, அதுவும் எனக்குத் தெரியும். எங்கள் அம்மா போனபோது தம்பிக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினெட்டு. குளிப்பாட்டி, தலை வாரி, பரீட்சைக்கு எழுப்பிவிட்டு அவனை ஆளாக்கியது நான்தான். நான் ஏன் அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று கேட்டால் இதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை.

பிள்ளைகளைப் பெற்றவளுக்கு எங்கள் பக்கம் கண்ணாடிக்காரி என்று பேர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் பார்த்தால் விளக்கும் நிலைக்கண்ணாடியுமாகப் பளபளவென்று இருக்கும். பின்பக்கம் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரையும் தொடுகிற அறை. அங்கேதான் அவள். டாக்டர் எழுதிய சீட்டும் ஃபிரேமும் ஒரு சின்னத் தட்டில் உள்ளே வரும். லென்ஸில் பேனாவால் புள்ளி வைப்பாள், மெஷினில் பிடித்து ஓரம் தேய்ப்பாள், ஃபிரேமில் உட்கார வைப்பாள். மெஷின் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பதால் அவள் முன்கை எப்போதும் ஈரமாக, வெள்ளைப் பொடி அப்பிக்கொண்டு இருக்கும். யாரைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் போவது மூக்குத்தண்டுக்கும் காதுக்கும்தான். என்னை முதன்முதலாகப் பார்த்த அன்றைக்கு, "அண்ணி, உங்க இடது காது ஒரு நூல் மேல இருக்கு" என்றாள். வந்து வாய்த்தாளே ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கடையில் ஏசி ரிப்பேர் செய்யப் போனவன்தான் என் தம்பி. கடைக்குக் குளிர் வந்தது, இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. கல்யாணம், ஒரு பெண், ஒரு பையன். பெரியவளுக்கு நாங்கள் வைத்த பேர் மேடம். மூன்று வயதிலேயே எல்லாரையும் அதிகாரம் செய்வாள். சின்னவன் உருண்டை. பேருக்கு ஏற்ற உடம்பு.

அப்புறம் ஒத்துப்போகவில்லை. என் தம்பி கெட்டவன் கிடையாது. ஆனால் எதையும் யாரிடமும் கேட்க மாட்டான். வேலையை விடுவான், வீட்டை மாற்றுவான், எல்லாம் செய்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பான். அவளும் ஒரு அளவு வரை பொறுத்தாள். கோர்ட்டில் பிரிந்தார்கள். பிள்ளைகள் அம்மாவிடம், பெரிய விடுமுறையில் பாதி நாள் அப்பாவிடம் என்று தீர்ப்பு. கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் உட்கார்ந்து பிரித்தார்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் அவன் பெட்டிக்குள் கிடந்ததை ஒருவரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அவன் நினைத்திருக்கிறான்.

விடுமுறைக்கு எட்டு நாள் மலைப்பக்கம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போனான். ஒன்பதாம் நாள் அவள் வாசலில் நின்றாள். பத்தாம் நாளும் நின்றாள். பதினோராம் நாள் போலீசுக்குப் போனாள். விமானம் ஏறியதையும், எந்த நாட்டில் இறங்கினான் என்பதையும் மட்டும்தான் அவர்களால் சொல்ல முடிந்தது. அது பெரிய நாடு. அதற்குள் எந்த ஊர், எந்தத் தெரு என்பது யாருக்கும் தெரியவில்லை.

இப்படிப் பிள்ளைகளோடு ஓடுகிறவர்களைப் பிடிக்கவென்றே ஒரு அரசாங்க அலுவலகம் இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யாது. அங்கே இருந்த அதிகாரி அம்மாள் நல்ல மனுஷிதான், ஆனால் பேச்சில் வழவழா கொழகொழா கிடையாது.

"ஊரும் முகவரியும் இல்லாம அங்க யாருக்கும்மா நோட்டீஸ் அனுப்புறது? தேடச் சொல்லி எழுதியிருக்கோம். இன்னொரு விஷயம் கேட்டுக்கங்க. பிள்ளைங்க போன நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு அங்கத்த கோர்ட்டுக்குப் போயிடணும். போயிட்டா திருப்பி அனுப்ப வெச்சிடலாம். வருஷம் தாண்டிட்டா, பிள்ளைங்க அங்கயே பழகிட்டாங்கன்னு அவரோட வக்கீல் நிப்பார். அப்புறம் இழுத்துக்கிட்டே கிடக்கும்."

அன்றைக்கு அவளோடு போனவள் நான். படி இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவளும் நான்தான். அதற்கு இரண்டு நாள் முன்னால் என் தம்பி எனக்குப் போன் செய்திருந்தான்.

"அக்கா, பிள்ளைங்க நல்லா இருக்காங்க. நீ யார்கிட்டயாவது மூச்சு விட்டா இந்த நம்பரையும் தூக்கிப் போட்டுடுவேன். அப்புறம் அதுங்க குரலைக்கூட நீ கேக்க முடியாது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பேசினான். சில நாள் பிள்ளைகளிடமும் கொடுப்பான், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். எந்த ஊர் என்று நான் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். அப்பனோடுதானே இருக்கிறார்கள், காட்டிலா இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்றைக்காவது அவனே மனசு மாறி வந்துவிடுவான் என்றும் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் வேனை நிறுத்தும் இடத்துக்கு அவள் வருவாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரே கேள்வி கேட்பாள்.

"உங்ககிட்ட ஏதாவது பேசினாரா அண்ணி?"

"எங்க பேசறான் அந்தக் கடன்காரன்" என்பேன். பொய் சொல்லும்போது மட்டும் எனக்குக் குரல் நன்றாக வரும் போலிருக்கிறது. நாக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம்.

அவள் இளைத்துப் பாதியானாள். வேலைக்கு மட்டும் ஒரு நாள் தவறவில்லை. இரண்டு பிள்ளைகளின் சட்டைகளையும் வாரம் ஒரு தடவை துவைத்து, காயவைத்து, மடித்து வைப்பாள். யாரும் போடாத சட்டையை ஏன்டி துவைக்கிறாய் என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். தூசி படிகிறது என்றாள்.

பத்து மாதம் முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தம்பியின் குரல் சரியில்லை.

"அக்கா, சின்னவன் மாடிப்படியில விழுந்துட்டான். முன்பல்லு பாதி உடைஞ்சுபோச்சு. உதட்டுல தையல் போட்டிருக்கு."

"ஐயையோ! எப்படிடா?"

"பழைய கண்ணாடி உடைஞ்சுபோச்சு. இங்க புதுசு பண்ணிக் குடுத்தாங்க. அதைப் போட்டா எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுங்கிறான். இங்க ரெண்டு கடை மாத்திப் பாத்துட்டேன். நீ அவ கடைக்குப் போயி, முதலாளிகிட்ட நைசா கேட்டு, இவனோட அளவுச் சீட்டை வாங்கி அனுப்பு. அவளுக்குத் தெரியக் கூடாது."

உருண்டைக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு கண் கொஞ்சம் உள்ளே இழுக்கும். அதற்கு வெறும் பவர் மட்டும் போதாது, ஒளியை ஒரு பக்கமாகச் சாய்த்து அனுப்புகிற பிரிசம் லென்ஸ் வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுப்பது ஒன்று. அவனோ எப்போதும் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கிற பயல். அவன் எந்த இடம் வழியாகப் பார்க்கிறான் என்று அவனைத் தரையில் உட்காரவைத்து விளையாடவிட்டு, மணிக்கணக்கில் பார்த்து, லென்ஸின் நடுப்புள்ளியை அந்த இடத்துக்கு நகர்த்தி வைப்பாள் அவன் அம்மா. அது எந்தச் சீட்டிலும் கிடையாது. அவள் கையில்தான் இருக்கிறது. என் தம்பிக்கு அது தெரியாது. அவன் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஜாதி இல்லையே.

போனை வைத்துவிட்டு வேனுக்குள் போய் உட்கார்ந்தேன். ஆறு வயசுப் பிள்ளை, எது நிஜப் படி எது பொய்ப் படி என்று தெரியாமல் காலைத் தூக்கித் தூக்கி வைப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது. மறுநாள் காலை நடை முடிந்ததும் நேரே கடைக்குப் போனேன். முதலாளியிடம் போகவில்லை, பின்னறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"எந்தப் பக்கத்துப் பல்லு?" என்றாள்.

"தெரியல."

"படி இறங்கும்போதா, ஏறும்போதா?"

"இறங்கும்போது."

"எத்தனை நாளா உங்ககிட்ட பேசிட்டு இருக்கார்?"

"ஆரம்பத்துல இருந்தே" என்றேன். "பத்து மாசமா."

ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கத்தியிருந்தால் நானும் கத்தி அழுதிருப்பேன். அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்தாள், ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"முகம் வளந்திருக்கும். பழைய அளவு ஆகாது. போட்டோ வேணும். பகல் வெளிச்சத்துல, ஜன்னலைப் பாத்து நிக்கணும். போனை அவன் கண்ணு உயரத்துக்குப் பிடிக்கணும். கண்ணுக்குக் கீழ ஒரு ஸ்கேலைப் பிடிக்கச் சொல்லுங்க, நம்பர் எல்லாம் தெளிவா தெரியணும். கடை முதலாளி கேக்கிறார்னு சொல்லுங்க."

"நான் பண்ணினது தப்பும்மா..."

"போட்டோ வரட்டும்" என்றாள்.

தம்பியிடம் அப்படியே சொன்னேன். அவனுக்குச் சந்தேகம்தான், ஆனால் உடைந்த பல் அவனையும் உலுக்கியிருந்தது. புதன்கிழமை படம் வந்தது. அடேயப்பா, என்ன ஜாக்கிரதை! பின்னால் வெள்ளைச் சுவர் மட்டும். ஜன்னல் இல்லை, காலண்டர் இல்லை, பனியன்கூட வெறும் வெள்ளை. நடுவில் என் உருண்டை. கன்னம் வற்றிப்போய், உதட்டில் கறுப்புத் தையலோடு நின்றான். அவனுக்குப் பக்கவாட்டில் இருந்து ஒரு கை நீண்டு நீல நிற பிளாஸ்டிக் ஸ்கேலைக் கண்ணுக்குக் கீழே பிடித்திருந்தது. அது மேடத்தின் கை. நகத்தைக் கடிக்கும் பழக்கம் போகவில்லை.

பத்து மாதத்துக்குப் பிறகு பெற்ற பிள்ளை முகத்தைப் பார்க்கிறாள். படத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கி, இரண்டு கருவிழியும் ஸ்கேலும் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள். ஒரு தாளில் எண்களைக் குறித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடியே, புள்ளை முகத்தை ஒரு தடவை முழுசா பாரேன்டி!"

"பாத்தா அளவெடுக்க முடியாது அண்ணி" என்றாள். "ஸ்கேல் சாஞ்சிருக்கு. இன்னொண்ணு எடுக்கச் சொல்லுங்க."

மறுநாள் இரண்டாவது படம் வந்தது. ஸ்கேல் நேராக இருந்தது. முதல் படத்தில் ஸ்கேலின் நடுவில் அழுத்திப் பிடித்திருந்த கட்டைவிரல் இப்போது ஓரத்துக்குப் போயிருந்தது. அவள் பழையபடி எண்களைக் குறித்துக்கொண்டிருந்தாள். நான் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். தினமும் முப்பது பிள்ளைகளின் பை, தண்ணி பாட்டில், டிபன் டப்பா எல்லாம் வேனில் கிடக்கும்; எது யாருடையது என்று எழுத்தைப் படித்துப் படித்தே கண் பழகியவள் நான். ஸ்கேலின் எண்களுக்குக் கீழே தேய்ந்துபோன வெள்ளை எழுத்து ஒரு வரி ஓடியது. அந்த நாட்டு எழுத்து. பக்கத்தில் ஒரு சின்ன முத்திரை, புத்தகமும் மரமும்.

"ஏய், எண்ணை விடுடி. கீழ பாரு. இது பள்ளிக்கூடத்துல குடுக்கிற ஸ்கேலு!"

அவளுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அளவு எழுதிய தாளை மடித்து உள்ளே வைத்தாள், செருப்பைப் போட்டாள். அந்த அரசாங்க அலுவலகத்தின் மூன்று மாடியையும் அவள் ஓடி ஏறினாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். அதிகாரி அம்மாள் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, அந்த மொழி தெரிந்த ஒருவருக்கு அனுப்பிப் படித்துச் சொல்லச் சொல்லி, கால் மணி நேரத்தில் பள்ளிக்கூடத்தின் பேரையும் ஊரையும் கண்டுபிடித்துவிட்டாள். அந்த நாட்டின் வடக்கே ஒரு சின்ன ஊர். அந்தப் பேரில் ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான்.

"இன்னும் நாப்பத்தி நாலு நாள் இருக்கு" என்றாள் அதிகாரி அம்மாள். "பேப்பரை இன்னைக்கே அனுப்பறேன். அங்க கோர்ட்டுல முதல்ல பாஸ்போர்ட்டைப் பிடுங்க உத்தரவு வாங்கணும். அதுக்கு மூணு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் அவர் காதுல ஒரு துளி விழக் கூடாது. விழுந்தா ராவோட ராவா ஊரை மாத்திடுவார், மறுபடி ஆரம்பத்துல இருந்து. அப்புறம், அந்தக் கண்ணாடியை இப்ப அனுப்பாதீங்க."

"ஏன்?" என்றாள் இவள்.

"அது கைக்கு வர்ற வரைக்கும் அவர் இவங்ககிட்ட பேசிட்டே இருப்பார். இருக்கிற இடத்துலயே இருப்பார். வந்துட்டா அவருக்கு உங்ககிட்ட என்ன வேலை?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. யாருக்குத்தான் படாது? கடைக்குத் திரும்பினோம். அவள் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்து லென்ஸை எடுத்தாள்.

"என்ன பண்றே?"

"கண்ணாடி."

"அந்தம்மா சொன்னது காதுல விழலையா? பைத்தியமாடி உனக்கு? மூணே வாரம்! மூணு வாரம் பொறுத்தா ரெண்டு பிள்ளையும் கைக்கு வரும். இப்ப அனுப்பிட்டு, அவன் கம்பிய நீட்டிட்டான்னா?"

"மூணு வாரத்துல எத்தனை படி இறங்குவான்?" என்றாள்.

"அப்படின்னா கொஞ்சம் சரியில்லாம பண்ணி அனுப்பு. திருப்பி நம்மகிட்டதான் கேப்பான்." இதையும் நான்தான் சொன்னேன். சொன்ன வாய் இதே வாய்தான்.

அவள் அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தாள். மூக்கை இல்லை, காதை இல்லை. "என் பிள்ளை கண்ணை வெச்சு நான் தூண்டில் போட மாட்டேன். அவர்தான் பிள்ளைங்களை வெச்சு விளையாடினார். நானும் விளையாடினா அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?"

சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டாள். நாலு தடவை கழற்றி, நாலு தடவை மாட்டினாள். மறுநாள் என் கையாலேயே அனுப்பி வைத்தேன். தம்பி கொடுத்திருந்தது அந்த நாட்டுத் தலைநகரத்தில் யாரோ கூட்டாளியின் கடை முகவரி. ஒரு வாரம் கழித்து அவனிடமிருந்து ஒரு வரி வந்தது. "சூப்பர்க்கா. ஒண்ணு ஒண்ணாத்தான் தெரியுதாம். ஓடுறான்." அதை அவளிடம் காட்டினேன். ஓடுறான் என்ற வார்த்தையை அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. திங்கள், செவ்வாய், புதன். அதே பதில். நேரே அவள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"கெடுத்துட்டியேடி! அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னா. அவன் கிளம்பிட்டான். எனக்குத் தெரியும் அவனை. காரியம் முடிஞ்சதும் வாலும் தெரியாது, தலையும் தெரியாது. இனிமே எந்தப் பள்ளிக்கூடத்துல போய்த் தேடறது?"

அவள் உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "நான் கெடுத்தது இந்த ஒரு வாரம்தான் அண்ணி" என்றாள். குரலை உயர்த்தவில்லை. நான் திரும்பி நடந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வேனில் சீட் பெல்ட் போடாத ஒரு பிள்ளையை அப்படித் திட்டிவிட்டேன், அது அழுதேவிட்டது. மறுநாள் அதன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

போன் நின்று பதினெட்டு நாள் போயிற்று. வருடம் முடிய பதினாறு நாள் பாக்கி. நான் இரண்டாவது நடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவள் தெருவில் ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்தது அந்த மூன்று மாடி ஏறின நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"பிடிச்சுட்டாங்க" என்றாள். "பாஸ்போர்ட்டை வாங்கிட்டாங்க. அங்கயேதான் இருக்காங்க, அதே ஊர்ல. மனு கோர்ட்டுல ஏறிடுச்சு. அடுத்த வியாழக்கிழமை விசாரணை."

அவன் எங்கேயும் ஓடவில்லை. வேலை செய்யும்போது போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து செத்துப்போயிருக்கிறது. என் நம்பர் அதற்குள்தான் இருந்தது. பத்து மாதமாகப் பேசுகிற அக்கா நம்பர் மனப்பாடமாகத் தெரியாதவனுக்காகத்தான் நான் அத்தனை பொய் சொல்லியிருக்கிறேன்.

வேனை இன்னொரு ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு நானும் அவளோடு கிளம்பினேன். அவள் வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கோர்ட் என்றதும் பெரிய கூடமும் கூட்டமுமாக நினைத்திருந்தேன். சின்ன அறை, ஒரு நீள மேஜை, தண்ணீர் ஜாடி. நம்ம பேச்சை மொழிபெயர்க்க ஒரு பெண் இருந்தாள். என் தம்பி எதிரே உட்கார்ந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான்.

"நீயாக்கா?"

"நான்தான்டா" என்றேன்.

அவனுடைய வக்கீல் நன்றாகத்தான் பேசினார். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறார்கள், நண்பர்கள் இருக்கிறார்கள், அம்மா வேலைக்குப் போகிறவள், கவனிக்க ஆள் இல்லை என்றெல்லாம். எங்கள் மேடத்தை நீதிபதி வேறொரு அறைக்குத் தனியாகக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். அவள் என்ன சொன்னாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. மதியம் உத்தரவு வந்தது. பிள்ளைகளைப் பற்றி முடிவு செய்ய வேண்டியது அவர்கள் சொந்த ஊர்க் கோர்ட், அதனால் பிள்ளைகள் அங்கே திரும்பிப் போக வேண்டும். மொழிபெயர்க்கிற பெண் சொல்லி முடித்ததும் இவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவளும் சொன்னாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒப்படைப்பு. சுவரோரம் பொம்மைகள், ஒரு சோபா. பிள்ளைகளை ஒரு அதிகாரி கூட்டி வந்தார். தம்பி வாசல் வரை வந்து, இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். வாசல் தாண்டும் வரை நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். வளர்த்த கையாயிற்றே.

உருண்டை ஒரு நொடி நின்று பார்த்தான். அப்புறம் "அம்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். ஓடி வந்து மேலே விழுந்தான். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் தலை, கன்னம், உதட்டுத் தழும்பு என்று தடவித் தடவிப் பார்த்தாள், முத்தம் கொடுத்தாள், வாய்விட்டு அழுதாள். அந்த ஒரு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேடம் வரவில்லை. நேரே என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சாண் உயர்ந்திருந்தாள்.

"இங்க வா கண்ணு" என்று அம்மா கை நீட்டினாள்.

"நான் அத்தைகூட வரேன்."

"ஏம்மா?"

மேடம் அம்மாவைப் பார்த்தாள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு பார்வை வரக் கூடாது.

"அத்தை வாராவாரம் பேசினாங்க. அத்தைகிட்ட எங்க நம்பர் இருந்துச்சு. அத்தை வீடு நம்ம வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. நீ ஒரு தடவைகூட கூப்பிடல. நான் ஒவ்வொரு வாரமும் உக்காந்திருந்தேன்மா. ஒரு தடவைகூட நீ கூப்பிடல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லாரும் சொல்லியிருப்பார்கள், நானாக இருந்தால் பத்து வார்த்தை சேர்த்தே சொல்லியிருப்பேன். அவள் என் கையைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கையைப் பார்த்தாள். சற்று முன் அந்தப் பிள்ளையின் அப்பன் போன வாசலைப் பார்த்தாள்.

"அம்மா தப்புதான் கண்ணு" என்றாள். "அம்மா கூப்பிட்டிருக்கணும்."

நான் பேசாமல் நின்றேன். பொய் சொல்லவில்லை, ஒரு மூச்சு விடும் நேரம் பேசாமல்தான் நின்றேன். அந்தக் கை அவ்வளவு கதகதப்பாக இருந்தது. இந்தப் பிள்ளை இனி என் பிள்ளை மாதிரி என் பின்னாலேயே வரும் என்று ஒரு நினைப்பு. அடச்சீ என்று எனக்கே ஆகிவிட்டது.

"உங்கம்மாவுக்கு நம்பர் தெரியாதுடி" என்றேன். "நான் குடுக்கல. தினம் சாயங்காலம் வந்து கேப்பா. உங்கப்பன் என்கிட்ட பேசவே இல்லைன்னு சொன்னேன். பத்து மாசமும் அதைத்தான் சொன்னேன். நீ அங்க உக்காந்திருந்த மாதிரி அவ இங்க என் வண்டிப் பக்கத்துல வந்து நின்னா. நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

மேடம் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அத்தை விளையாடுகிறாளா என்று தேடுகிற மாதிரி என் முகம் முழுக்கப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து தன் விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டாள். நாலு எட்டு நடந்து போய், தரையில் உட்கார்ந்திருந்தவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஸாரிம்மா, ஸாரிம்மா" என்று அவள் அழுத அழுகைக்கு அந்த அதிகாரியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று பேரும் ஒரு மூட்டையாகத் தரையில் கிடந்தார்கள். நான் அவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன்.

எட்டு மாதம் ஆகிறது. அவள் என்னோடு பேசுகிறாள், அளவாகப் பேசுகிறாள். உருண்டை என் மடியில் ஏறுகிறான். மேடம் என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அம்மாவிடம் ஓயாமல் பேசுகிறாள், தூங்கப் போகும் வரை பேசுகிறாளாம். அது போதும் என்று நான் சொல்ல வேண்டும். போதவில்லை.